எச்சமும் துலாக்கோலும்

இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இதுதான். புதுமைப்பித்தனா மௌனியா என்று கேட்டே ஒரு தலைமுறை தன் மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறது. மௌனியைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவரே புதுமைப்பித்தன்தான் என்ற விஷயம் அந்த மாலைகளில் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குள் இல்லாத போட்டியை அவர்கள் சார்பில் நாம் நடத்திக்கொடுக்கிறோம். இந்தப் பழக்கத்தை இலக்கியத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தால் அதன் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியும் என்பதால் இங்கே ஹாக்கியை எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டில் மதிப்பீடு சுலபம் என்பது பொதுவான நம்பிக்கை. கோல் விழுந்தது அல்லது விழவில்லை. பதக்கம் வந்தது அல்லது வரவில்லை. கவிதைக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. சுலபம் என்று நம்பப்படும் இடத்திலேயே தராசு தடுமாறுகிறது என்றால், நம்முடைய தராசைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் எடுத்துக்கொள்ளும் இருவர் வாசுதேவன் பாஸ்கரனும் தன்ராஜ் பிள்ளையும். பாஸ்கரன் 1950இல் பிறந்தவர். சென்னை ஹாக்கியிலிருந்து இந்திய அணிக்குப் போனவர். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர். தன்ராஜ் 1968இல் புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்; 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக ஆடியவர்; நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை என்று எல்லாவற்றிலும் நான்கு முறை களத்தில் இறங்கியவர். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த இருவரும் மைதானத்தில் எதிரிகளாக இருந்ததில்லை. மாஸ்கோ இறுதி ஆட்டம் நடந்த நாளில் தன்ராஜுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மைதானத்தில் அவருக்குச் சமமான எதிராளி என்றால் அதே 1968இல் பிறந்த பாகிஸ்தானின் ஷாபாஸ் அகமதைச் சொல்லவேண்டும். ஆனால் ஹாக்கி பற்றிப் பேசும் தமிழர்கள் இரண்டு பேர் கூடினால் எதிரெதிரே நிற்பவை பாஸ்கரன், தன்ராஜ் என்ற பெயர்களே. ஒருவரிடம் தங்கம் இருக்கிறது. மற்றவரிடம் ஆட்டம் இருக்கிறது. இவர்களில் நிலைத்து நிற்கப்போவது எவர் விட்டுச்சென்றது என்பதே கேள்வி. போட்டி நாம் உண்டாக்கியது. ஆனாலும் கேள்வி பொய் அல்ல.

முதல் தராசு பதக்கத் தராசு. இதில் பாஸ்கரன் பக்கம் தாழவேண்டும். ஆனால் தாழ்கிறபோதே ஒரு குரல் எழுகிறது: மாஸ்கோவுக்கு யார் வந்தார்கள்? 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1976இல் மாண்ட்ரியலில் ஹாக்கிப் பதக்கங்களை வென்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் மூன்றுமே வரவில்லை. மேற்கு ஜெர்மனி இல்லை; நெதர்லாந்து இல்லை. மொத்தம் ஆறே அணிகள். இந்தியா தான்சானியாவை 18க்கு 0 என்றும் கியூபாவை 13க்கு 0 என்றும் வென்றது. போலந்தோடும் ஸ்பெயினோடும் 2க்கு 2 என்று சமன். சோவியத் அணியை 4க்கு 2. ஜூலை 29 அன்று இறுதியில் ஸ்பெயினை 4க்கு 3. ஆகவே அந்தத் தங்கத்தைத் தங்கம் என்று சொல்லலாம், ஆனால் கொஞ்சம் செம்பு கலந்தது என்று அந்தக் குரல் தீர்ப்பளிக்கிறது.

இந்தக் கழித்தல் நேர்மையானது போலத் தோன்றும். ஆனால் அதை நாம் எல்லோரிடமும் செய்வதில்லை. 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாக்கி ஆட வந்தவை இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என்ற மூன்றே அணிகள். பொருளாதார மந்தமும் பயணச் செலவும் மற்றவர்களை வரவிடவில்லை. அமெரிக்கா ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெண்கலம் வாங்கிக்கொண்டது. இந்தியா அமெரிக்காவை 24க்கு 1 என்று வென்றது இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. தியான் சந்தின் அந்தத் தங்கத்திலிருந்து யாரும் ஒரு குன்றிமணிகூடக் கழிப்பதில்லை. கழிக்கக்கூடாது என்பதும் சரிதான். வந்தவர்களோடுதான் ஆடமுடியும். வராதவர்களை வென்றுகாட்ட எந்த ஆட்டக்காரனுக்கும் வழியில்லை. அதே மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றது, காலியிடத்தை நிரப்பக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே. அந்த நாடு அதைக் கழித்துப் பார்க்காமல் கொண்டாடியது. 1932க்கு ஒரு கணக்கும் 1980க்கு ஒரு கணக்கும் வைத்திருக்கும் நாம் தராசைப் பிடிக்கும்போதே கையைச் சாய்த்துப் பிடிக்கிறோம் என்றுதான் அர்த்தம். தியான் சந்த் புராணமாகிவிட்டார். புராணத்தை யாரும் தணிக்கை செய்வதில்லை. பாஸ்கரன் நம் காலத்து மனிதர் என்பதால் அவரிடம் ரசீது கேட்கிறோம்.

இரண்டாவது தராசு திறமைத் தராசு. இதில் தன்ராஜ் பக்கம் தாழ்கிறது. அவர் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு விளக்கவும் முடியாது; திறமை என்ற எடைக்கல்லின் தொந்தரவே அதுதான். எண்களால் சொல்லலாம் என்று போனால் அதுவும் கை கொடுப்பதில்லை. அவர் முந்நூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அடித்த கோல்கள் எத்தனை என்பதற்கு நம்பத் தகுந்த அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. கிரிக்கெட்டில் ஒருவர் பிடித்த கேட்சுகளைக்கூட எண்ணி வைத்திருக்கும் ஒரு தேசத்தில், ஹாக்கியில் தன் தலைமுறையின் முதன்மையான முன்கள ஆட்டக்காரரின் கோல்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணாமல் விட்டதும் ஒரு மதிப்பீடுதான்.

அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டு. அவர் தலைமையில் இந்தியா தென் கொரியாவை வென்று தங்கம் கொண்டுவந்தது. 1966க்குப் பிறகு 32 வருஷம் கழித்துக் கிடைத்த தங்கம். திரும்பி வந்ததும் அவரும் வேறு சில மூத்த ஆட்டக்காரர்களும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். சொல்லப்பட்ட காரணம் ஓய்வு. ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் சொற்பப் பணத்தைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதையும் இதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அன்றே பலர். இந்த வரலாறு தெரிந்த ரசிகன் தன்ராஜ் தட்டில் திறமையோடு அநீதியையும் ஏற்றுகிறான். வராத பதக்கங்களுக்கு ஈடாக அனுதாபம். கட்கி ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் உடைந்த மட்டைகளையும் எறிந்த பந்துகளையும் வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் ஆடிப் பழகிய கதை இன்னும் கொஞ்சம் எடை சேர்க்கிறது. பாஸ்கரனிடமிருந்து அதிர்ஷ்டத்தைக் கழித்தோம். தன்ராஜிடம் துரதிர்ஷ்டத்தைக் கூட்டுகிறோம். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு முகங்கள். ஆட்டம் வழங்காத நீதியை நினைவு வழங்கிவிடவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

இந்த ஆசைக்குப் பின்னால் இருப்பது பழைய பிரச்சினை. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நாகெல் என்ற இரண்டு தத்துவக்காரர்கள் அடுத்தடுத்து இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு மனிதனின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக அவனைப் புகழவோ பழிக்கவோ கூடாது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் நடைமுறையில் நம் புகழும் பழியும் பெரும்பாலும் அப்படிப்பட்டவற்றின்மேல்தான் விழுகின்றன. வில்லியம்ஸ் காட்டிய உதாரணம் ஓவியர் காகின். குடும்பத்தை விட்டுவிட்டுத் தீவுக்குப் போகிறவன் பெரிய ஓவியனாகிவிட்டால் அவன் போனதற்கு ஒரு நியாயம் பிறக்கிறது. ஆகாவிட்டால் அவன் வெறும் ஓடுகாலி. போகிற அன்று அவனுக்கே இது தெரியாது. நாகெல் இன்னும் ஒரு அடி போகிறார். கட்டுப்பாட்டில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் புகழ்வதற்கோ பழிப்பதற்கோ அந்த ஆளே மிஞ்சமாட்டான் என்கிறார்.

நமக்கு இது புதிதில்லை, ஊழ் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஊழ் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு கணக்குப் புத்தகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். முன்பு செய்தது இப்போது வருகிறது. வரவும் செலவும் எங்கோ நேராகின்றன. மேற்கத்தியர்கள் சொல்லும் அதிர்ஷ்டத்துக்கு அப்படிப் புத்தகம் ஏதும் இல்லை. நாடுகள் புறக்கணித்தன, ஒரு பந்து கோலுக்குள் போனது, அவ்வளவுதான். ஊழ் ஆறுதல் தருகிறது. இது தருவதில்லை. விளையாட்டைப் பற்றி யோசிக்கும்போது ஆறுதல் தராத சொல்லே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஒரே ஒரு உதாரணம் இதற்குப் போதும். 1980இல் இந்தியா போலந்தோடு சமன் செய்தது என்று சொன்னேன். ஆறு அணிகள், ஐந்து ஆட்டங்கள், அதில் இரண்டு சமன். ஆனாலும் இறுதி ஆட்டத்துக்குப் போக முடிந்தது. இருபது வருஷம் கழித்து, 2000இல் சிட்னி. இந்தியாவின் பிரிவில் மறுபடியும் ஆறு அணிகள், ஐந்து ஆட்டங்கள். அர்ஜென்டினாவையும் ஸ்பெயினையும் வென்று, ஆஸ்திரேலியாவோடு சமன் செய்து, தென் கொரியாவிடம் தோற்றுக் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது எதிரில் மறுபடியும் போலந்து. வென்றால் அரையிறுதி. இந்தியா 1க்கு 0 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டது. 1க்கு 1. இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. அந்த அணியின் முன்களத்தில் தன்ராஜ் ஆடிக்கொண்டிருந்தார். அணியின் பயிற்சியாளர் பாஸ்கரன்.

அதே நாட்டோடு ஒரு சமன் 1980இல் யார் நினைவிலும் நிற்காத செய்தி. 2000இல் அது ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையையே வரையறுத்த செய்தி. 2007இல் தன்ராஜின் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தபோது அதன் ஆசிரியர் சந்தீப் மிஸ்ரா வைத்த தலைப்பின் பொருள், என்னை மன்னித்துவிடு அம்மா என்பது. அந்த ஆங்கிலத் தலைப்பில் அம்மா என்ற தமிழ்ச் சொல் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. எதற்கு மன்னிப்பு என்று ஒருவன் கேட்டால் நேரான பதில் கிடையாது. இரண்டு நிமிஷத்துக்கு யாரும் பொறுப்பாளி இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைச் சொல்லத் தோன்றுகிறது என்பதில்தான் அந்த மனிதர் இருக்கிறார். கட்டுப்பாட்டில் இல்லாததைக் கழித்துவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முயன்றால் நாகெல் சொன்னதுபோல அவரே கைநழுவிப் போய்விடுவார்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மாஸ்கோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தியா எடுத்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். 1984இல் ஐந்து. 1988இல் ஆறு. 1992இல் ஏழு. 1996இல் எட்டு. 2000இல் ஏழு. 2004இல் ஏழு. 2008இல் தகுதியே பெறவில்லை. 2012இல் பன்னிரண்டு. 2016இல் எட்டு. இந்த ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பத்திரிகைகள் ஒரு வாக்கியத்தை அச்சடித்தன: கடைசியாக இந்தியா தங்கம் வென்றது 1980இல், பாஸ்கரன் தலைமையில். அந்த அணி 1984இலேயே மிஞ்சப்பட்டிருந்தால் அதன் பெயர் பழைய வெற்றிகளின் நீண்ட வரிசையில் ஒன்றாகப் போயிருக்கும். எட்டுத் தங்கங்களில் எட்டாவது என்பது சாதாரணச் செய்தி. கடைசித் தங்கம் என்பது தலைப்புச் செய்தி. நாற்பது வருஷம் பாஸ்கரனின் தங்கத்தைத் துலக்கி வைத்தது அவருக்குப் பின்னால் வந்தவர்களின் தோல்வி. அந்த ஒன்பதில் நான்கு தன்ராஜ் ஆடியவை.

ஒப்பீட்டின் அஸ்திவாரமே இங்கே ஆட்டம் காண்கிறது. தராசு என்பது இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே சுமை தாங்கும் என்ற அனுமானத்தில் செய்யப்பட்ட கருவி. இங்கே ஒரு தட்டின் கனம் மறு தட்டின் வெறுமையிலிருந்து வருகிறது. தன்ராஜ் ஒரு பதக்கம் வாங்கியிருந்தால் பாஸ்கரனின் பதக்கம் கொஞ்சம் எடை குறைந்திருக்கும். பாஸ்கரனின் பதக்கம் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் தன்ராஜின் இன்மைக்கு இவ்வளவு வலி இருந்திருக்காது. இரண்டு மனிதர்களை நிறுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே துணியின் இரண்டு முனைகளை இரண்டு தட்டில் வைத்திருக்கிறோம்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரு மூன்றாவது தராசு உண்டு. அது காலம். எல்லாம் மறைந்துபோகும், யார் எவர் என்று யார் கண்டார் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடும் தராசு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை நிற்கிறது. 1760இல் அந்த மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அயர் கூட் பிடித்தார். 1782இல் அதே கோட்டை ஹைதர் அலியிடமும் அவரோடு சேர்ந்த பிரெஞ்சுப் படையிடமும் விழுந்தது. கூட்டும் ஹைதரும் அந்த நூற்றாண்டில் இந்தப் பக்கம் கண்ட பெரிய எதிரிகள். பரங்கிப்பேட்டையில் 1781இல் நேருக்கு நேர் மோதியவர்கள். ஹைதர் 1782 டிசம்பரிலும் கூட் 1783 ஏப்ரலிலும் இறந்தார்கள். கோட்டைக்குச் சிதைந்த மதில்தான் மிச்சம். அதற்கும் மேலே அதே மலையில், வரலாற்றுக்கு முந்திய காலத்து மனிதர்கள் பாறையில் கீறிய உருவங்கள் இருக்கின்றன. கீறியவர்களுக்குப் பெயர் இல்லை. யார் முதல்வன், யார் இரண்டாமவன் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இந்தக் காட்சியிலிருந்து பெயரற்றதே நிலைக்கும் என்ற சித்தாந்தத்தை எடுத்துக்கொள்வது சுலபம். நம் கவிஞர்கள் பலர் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. இது தராசைச் சரிசெய்வதில்லை; உடைத்துப் போட்டுவிட்டு ஞானி போல உட்கார்ந்துகொள்கிறது. கூட் தாக்கியபோது அந்த மலைமேல் செத்தவனுக்கு யார் வென்றார்கள் என்பது முக்கியமாகத்தான் இருந்திருக்கும். கீறியவனுக்கும் தன் கீறல் பக்கத்துக் கீறலைவிட ஆழமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். ஆயிரம் வருஷத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் சமம் என்பது ஒரு சமத்துவமல்ல, வெறும் தூரம். அந்தத் தூரத்தில் நின்று தன்ராஜுக்கு ஆறுதல் சொல்வது அவர் அனுபவித்ததை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

மூன்று தராசும் பயனில்லை என்றால் ஒப்பிடவே கூடாதா? இந்த இடத்தில் தமிழில் உள்ள ஒரு சொல் உதவும் என்று தோன்றுகிறது. ஒருவர் விட்டுச்சென்றதை எச்சம் என்கிறோம். வள்ளுவர் இந்தச் சொல்லை ஆளும் இடங்களில் ஒன்று நடுவுநிலைமை அதிகாரம். ஒருவர் தகுதியுடையவரா இல்லையா என்பது அவரது எச்சத்தால் தெரியும் என்பது அங்கே கருத்து. துலாக்கோலின் உவமை வருவதும் அதே அதிகாரத்தில்தான். பரிமேலழகர் எச்சம் என்பதற்கு மக்கள் என்று பொருள் கொள்கிறார். மு. வரதராசன் பின்னால் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்கிறார். சிலைகளின் தலையில் காக்கை விட்டுப்போவதற்கும் இதுதான் பெயர். சிலை வைத்துப் புகழைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் எனக்கு உதவுவது இலக்கணக்காரர்களின் எச்சம். வினை முற்றுப்பெறாமல் நின்றால் எச்சம். 'வென்ற' என்பது பெயரெச்சம். அது ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. 'ஆடி' என்பது வினையெச்சம். அது இன்னொரு வினைக்காகக் காத்திருக்கிறது. இலக்கணத்தில் எச்சம் மீந்துபோனது அல்ல, முடியாதது. அதை முடிக்கும் சொல் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். ஒருவர் விட்டுச்சென்றதையும் இப்படிப் பார்க்கலாம். அவர் சேர்த்துவைத்த சொத்து என்று பார்த்தால் நிறுக்கத் தோன்றும். அவர் முடிக்காமல் நிறுத்திய வாக்கியம் என்று பார்த்தால் கேள்வி மாறிவிடுகிறது. எது அதிகம் என்பது போய், எதற்காக அது காத்திருக்கிறது என்பது வருகிறது. அதை முடிக்கவேண்டியவர் யார் என்பதும் கூடவே வருகிறது.

பாஸ்கரன் விட்டுச்சென்றது பெயரெச்சம். 'கடைசியாகத் தங்கம் வென்ற' என்ற தொடர் அது. அதோடு இன்றுவரை ஒட்டியிருக்கும் பெயர் 1980. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா ஜெர்மனியை 5க்கு 4 என்று வென்று வெண்கலம் வாங்கியபோது, 41 வருஷமாக அந்தத் தொடரில் இருந்த 'பதக்கம்' என்ற சொல் விடுபட்டது. 2024இல் பாரிஸில் இன்னொரு வெண்கலம், மாஸ்கோ இறுதியில் எதிரே நின்ற அதே ஸ்பெயினை வென்று. 'தங்கம்' மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தன்ராஜ் விட்டுச்சென்றது வினையெச்சம். 'ஆடி' என்பதோடு நிற்கிறது. ஆடி வென்றார் என்று முடிக்க வழியில்லை, ஆடித் தோற்றார் என்று முடிக்க மனமில்லை. அது காத்திருக்கும் வினை அவர் செய்யவேண்டியதாக இனி இருக்கமுடியாது.

இப்படிப் பார்க்கும்போது சிட்னி வேறு விதமாகத் தெரிகிறது. பாஸ்கரன் அங்கே பயிற்சியாளராகப் போனார். அந்த வேலையின் பொருள் என்ன? தன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'கடைசி' என்ற அடைமொழியைத் தானே அழிக்க முயல்வது. அவர் அணி தங்கம் வென்றிருந்தால் கடைசித் தங்கத்தின் தலைவர் என்ற இடம் அவரிடமிருந்து போயிருக்கும். 2006 உலகக் கோப்பையிலும் அவரே பயிற்சியாளர். இந்தியா 11ஆம் இடம் பெற்றது. பதக்கத் தராசில் இந்த இரண்டும் அவருக்கு நஷ்டக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்திருந்தால் 1980 மாசுபடாமல் இருந்திருக்கும். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது நம் விஷயமில்லை. ஆனால் அந்தச் செயலுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. தன் எச்சத்தைக் காப்பாற்றுவதைவிட அதை முடித்துவைக்க முயல்வதே அந்த வடிவம். முடித்துவைக்கக் கூடியவராக அன்று மைதானத்தில் இருந்தவர்களில் தன்ராஜ் ஒருவர். நாம் எதிரெதிரே நிறுத்தும் இருவரும் அந்த எழுபது நிமிஷம் ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது முடியவில்லை. முடியாமல் போனதற்கு அவர்கள் இருவரையும் தவிர வேறு பல காரணங்களும் உண்டு.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும். எச்சம் என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடுகிறாய். பின்னால் வருகிறவன் முடிப்பான் என்றால் அவனும் அதிர்ஷ்டத்தின் கையில்தானே இருக்கிறான் என்று கேட்கலாம். உண்மைதான். பின்னால் வருகிறவன் வராமலே போகலாம். 2022 ஆசியக் கோப்பையில் கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்திய அணியில் ஆடினார்கள். அவர்கள் பாஸ்கரனின் தொடர்ச்சியா தன்ராஜின் தொடர்ச்சியா என்று யாரும் சொல்லமுடியாது. ஒரு மைதானம், ஒரு விடுதி, பெயர் தெரியாத சில பயிற்சியாளர்கள், காலையில் எழுப்பிவிட்ட ஒரு தாய் என்று எத்தனையோ அதில் இருக்கின்றன. ஆனால் அதிர்ஷ்டத்தை முற்றிலும் விலக்கிய மதிப்பீடு ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்று இல்லை. தராசு பிடிப்பவன் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்; எச்சத்தைக் காண்பவனுக்கு அந்த வசதி இல்லை என்பது மட்டுமே என் கட்சி. முடியாத வாக்கியம் அவனிடமும் ஏதோ கேட்கிறது.

நம் தொழிலுக்கு இதில் சங்கடமான ஒரு சேதி இருக்கிறது. கடைசிப் பெரும் கவி, கடைசிப் பெரும் சிறுகதைக்காரர் என்று சிலரை நாம் சொல்லிவருகிறோம். ஒருவர் கடைசியாக நீடிப்பதற்கு அவருடைய பெருமை மட்டும் காரணமாக இருக்கமுடியாது. அவருக்குப் பின் வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம், ஏழாம், எட்டாம் இடங்களும் காரணம். இரண்டு முன்னோடிகளை எடுத்து யார் பெரியவர் என்று வாதாடும் கூட்டத்தில், அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஒரு வரி எழுத முயன்றவர் எத்தனை பேர் என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும். எழுத முயன்று தோற்றவனை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. தன்ராஜின் கோல்களைப்போல அந்த முயற்சிகளுக்கும் பதிவு கிடையாது. 2000 செப்டம்பரில் சிட்னியில் நடந்ததை ஏழாம் இடம் என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் பட்டியலுக்கும், நம் விமர்சனப் பட்டியல்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.